யோகோஹாமாவில் கையில் ஒரே ஒரு சனிக்கிழமை, கிராஃப்ட் பியருக்கு எங்கே போவது?

பயணப்பை:
வணக்கம் மக்களே. அலுவலக வேலையாக மூன்று வாரம் ஷின்-யோகோஹாமாவில் இருக்கிறேன். வார நாட்களில் அறைக்கு வந்து சேரவே ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது, கீழே இருக்கும் கொன்பினியில் (ராத்திரியும் திறந்திருக்கும் சின்ன மளிகைக் கடை) ஒரு கேன் பியர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ஒன்றுதான் முழுசாகக் கையில் இருக்கிறது. இந்த ஊரில் நல்ல கிராஃப்ட் பியர் (சின்ன ஆலைகள் காய்ச்சுவது) கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஜப்பானியர் ஒருவர் சொன்னார், ஆனால் அவர் சொன்ன கடைப் பெயர்களில் ஒன்றுகூட என் காதில் ஒழுங்காக விழவில்லை. கூட ஒரு நண்பர் வருகிறார். ஆள் பியர் குடிப்பார், ஆனால் சாப்பாட்டில் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. ஆளுக்கு 6000 யென் வரை செலவழிக்கலாம். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

மிடோரிகு மாமா:
தம்பி, சரியான ஊரில்தான் மாட்டியிருக்கிறீர்கள். நான் மிடோரி-கு பக்கம் கிரிகாவோகாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன் (இந்தியப் பள்ளிக்கூடம் இருப்பதால் நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதி, தெரிந்திருக்கும்). வருகிறவர்களை எல்லாம் ஒரே வழியில்தான் கூட்டிப்போவேன். கடையில் ஆரம்பிக்காதீர்கள். கிணற்றில் ஆரம்பியுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யமாதே ரயில் நிலையத்தில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் கித்தாகாத்தா தொடக்கப் பள்ளி வரும். பள்ளி வளாகத்துக்குள் செங்கல் வைத்துக் கட்டிய பழைய கிணறு ஒன்று இருக்கிறது, அது பியர் ஆலைக்குத் தண்ணீர் எடுத்த கிணறு. வில்லியம் கோப்லண்ட் என்று ஒருவர், நார்வேயில் பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர், 1870இல் இந்த இடத்தில்தான் ஸ்பிரிங் வேலி என்ற ஆலையைத் தொடங்கினார். ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருந்ததுதான் காரணம். அந்தக் காலத்தில் குளிர்சாதனம் ஏது, குன்றைக் குடைந்து குகை வெட்டி அதற்குள் பியரைக் குளிர வைத்திருக்கிறார். 1875இல் வீட்டுத் தோட்டத்திலேயே மேசை போட்டு விற்றார். ஜப்பானின் முதல் பியர் கார்டன் அதுதான் என்கிறார்கள்.

அப்புறம் கூட்டாளியோடு சண்டை, வழக்கு. 1884இல் ஆலை திவால். அடுத்த வருடமே அதே இடத்தில் வேறு ஆட்கள் ஜப்பான் ப்ரூவரி என்று ஆரம்பித்தார்கள், 1888இல் அவர்கள் விற்ற பியருக்குத்தான் கிரின் என்று பெயர், இன்று நாடு முழுக்க விற்கும் அதே கிரின். நீங்கள் கொன்பினியில் வாங்கும் கேனின் பூர்வீகம் அந்தக் கிணறு. பக்கத்திலேயே கிரின்-என் என்ற சின்னப் பூங்காவில் நினைவுக்கல் நிற்கிறது. அந்தத் தெருவுக்கே பியாசாகே தெரு என்று பெயர். ஊர்க்காரர்களுக்குப் பியர் என்றால் என்னவென்றே புரியாத காலத்தில் 'பியர்' என்பதோடு ஜப்பானிய மதுவின் பெயரான 'சாகே'யை ஒட்டிக் கூப்பிட்ட பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

அங்கிருந்து குன்றின் மேலேயே நடந்தால் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டம். கோப்லண்ட் 1902இல் இந்த ஊரிலேயே செத்துப்போனார், அங்கேதான் கிடக்கிறார். வார இறுதியில் நன்கொடை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். இறங்கினால் மொத்தோமாச்சி, தாண்டினால் யமாஷிதா பூங்கா. அங்கே ஓர் ஓரத்தில் கும்மட்டம் வைத்த இந்தியத் தண்ணீர்க் கோபுரம் இருக்கும், பார்க்காமல் போகாதீர்கள். 1923 பூகம்பத்தில் தவித்த இந்திய வியாபாரிகளுக்கு ஊர்க்காரர்கள் உதவினார்கள், அதற்கு நன்றியாக இந்தியர்கள் 1939இல் கட்டிக்கொடுத்தது. அதே பூகம்பம்தான் யமாதேயில் இருந்த பியர் ஆலையையும் தரைமட்டமாக்கியது, அதனால்தான் கிரின் நமமுகிக்குக் குடிபெயர்ந்தது. எல்லாம் ஒரே கதைதான்.

இவ்வளவு நடந்தால் மூன்று மணி ஆகிவிடும். அதற்கு மேல் குடிக்கலாம்.

ஹாப்ஸ்பைத்தியம்:
> கடையில் ஆரம்பிக்காதீர்கள். கிணற்றில் ஆரம்பியுங்கள்.

மாமா, அவர் கேட்டது பியர், நீங்கள் கொடுத்தது கல்லறை :) ஒரே ஒரு சனிக்கிழமையில் மனிதரை மேடு ஏற்றி இறக்கிக் கொல்லாதீர்கள்.

பயணப்பை, நேராக ப்ளூ லைன் சுரங்க ரயில் பிடித்து சகுராகிச்சோ வந்துவிடுங்கள். சகுராகிச்சோ, பாஷாமிச்சி, கன்னாய், நோகே எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிதானமாக நடந்தாலே அரை மணிதான். தோக்கியோவில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் இரண்டு ரயில் மாற வேண்டும், இங்கே ஒரு சிக்னல் தாண்டினால் போதும். இந்த ஊரின் பெருமையே அதுதான்.

முதலில் யோகோஹாமா பீரு. கீழ்த்தளத்தில் காய்ச்சுகிறார்கள், மேல்தளத்தில் உணவகம். ஏறும்போதே மால்ட் (முளைகட்டிய வாற்கோதுமை) வேகும் வாசனை வரும் நாள் இருக்கிறது, கேழ்வரகுக் கூழ் கொதிப்பது மாதிரி. வைட்சென் என்ற கோதுமைப் பியரைக் கேளுங்கள். வாழைப்பழ வாசனை, கிராம்பு வாசனை, கசப்பு கிட்டத்தட்ட இல்லை. இதுவரை லாகர் (கேனில் வரும் சாதாரணப் பியர்) மட்டும் குடித்த நாக்குக்கு நல்ல தொடக்கம்.

அடுத்து பெயர்ட் பாஷாமிச்சி டாப்ரூம். பெயர்ட் யோகோஹாமாக்காரர்கள் இல்லை, ஷிசுவோகா. பிரையன், சயூரி பெயர்ட் தம்பதி 2000இல் நுமாசு துறைமுகத்துப் பக்கம், ஒரு தடவைக்கு 30 லிட்டர் காய்ச்சும் பாத்திரத்தோடு ஆரம்பித்தார்கள். முப்பது லிட்டர் என்றால் நம் வீட்டுத் தண்ணீர் கேன் ஒன்றரை. இப்போது ஷுசென்ஜியில் பெரிய ஆலை. சுருகா பே இம்பீரியல் ஐபிஏ (கசப்பு தூக்கலான வகை) குடித்துப் பாருங்கள், ஆனால் அதைக் கடைசியாக. அதைக் குடித்த பிறகு வேறு எதுவும் நாக்கில் ஏறாது. ஹேண்ட் பம்பில் இழுத்துக் கொடுக்கும் பியரும் வைத்திருப்பார்கள், அது அவ்வளவு ஜில்லென்று இல்லாமல், நுரை கம்மியாக வரும், 'கெட்டுப்போச்சா' என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன்.

கன்னாயில் ஆன்டெனா அமெரிக்கா. லிஃப்டில் ஐந்தாவது மாடி ஏற வேண்டும், முழுக்க அமெரிக்கப் பியர். குளிர்பெட்டியில் இருக்கும் கேனை எடுத்து அங்கேயே குடிக்கலாம். ஜப்பானுக்கு வந்து அமெரிக்கப் பியர் எதற்கு என்பீர்கள். இங்கே காய்ச்சுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரிப் பியரைக் குடித்துத்தான் கெட்டார்கள்.

தைரியம் இருந்தால் யோகோஹாமா ஸ்டேஷன் மேற்கு வாசல் பக்கம் த்ராஷ் ஸோன். சந்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கடை, ஹெவி மெட்டல் காதைப் பிளக்கும், பியரும் அதே மாதிரிதான். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

தயிர்சாதம்:
சைவ நண்பருக்காக எழுதுகிறேன், நானும் அதே கட்சி. ஜப்பானில் 'காய்கறிதான்' என்று சொல்லிக் கொண்டுவந்து வைப்பதில் பாதி தாஷியில் வெந்தது, அதாவது மீன் துருவல் கொதித்த தண்ணீர். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை. பாஷாமிச்சி டாப்ரூமில் அமெரிக்க பார்பெக்யூதான் பிரதானம், உள்ளே நுழைந்தாலே இறைச்சி புகை வாசனை. உருளை வறுவலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பயமில்லாமல் கேட்கக்கூடியவை: எதமாமே (அவித்த பச்சை சோயா), உருளைக்கிழங்கு வறுவல், வறுத்த கடலை வகை. குளிர்ந்த தோஃபு (ஹியாயக்கோ) கேட்டால் மேலே கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் துருவல் போட்டுத்தான் வரும், காற்றில் உயிரோடு ஆடுகிற மாதிரி ஆடும், முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பாதி போதை இறங்கிவிட்டது. 'கட்சுவோபுஷி நுகி தே' என்று சொன்னால் போடாமல் தருவார்கள். என் யோசனை, மதியமே ஓர் இந்திய உணவகத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சில கடைகளில் உட்கார்ந்ததுமே கேட்காமல் ஒரு குட்டிக் கிண்ணம் வரும். அது ஒதோஷி. இலவசம் இல்லை, ஆளுக்கு முந்நூறு, நானூறு யென் பில்லில் ஏறும். சைவம் என்று திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலும் பணம் கழியாது, அது உட்கார்ந்த இடத்துக்கு வாடகை மாதிரி. நிறைய கிராஃப்ட் பியர் கடைகளில் இந்த வழக்கம் கிடையாது, இஸகாயா என்ற ஜப்பானிய மதுக்கடைகளில் உண்டு.

ரியோகோகு ராஜா:
இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை? ரயில் ஏறித் தோக்கியோ வந்துவிடுங்கள். ரியோகோகுவில் போப்பாய் இருக்கிறது, சுவர் முழுக்கக் குழாய் வரிசை. ஊர் ஊராக அலைய வேண்டாம், நாடு முழுக்க ஒரே கடையில்.

ஹாப்ஸ்பைத்தியம்:
போப்பாய் அருமையான கடை, மறுக்கவில்லை. ஆனால் இழையின் தலைப்பைப் படியுங்கள் ராஜா சார்.

கணக்குப்பிள்ளை:
6000 யென் என்று எழுதியிருக்கிறார், அதைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் போகும் கடைகளில் ஒரு பைன்ட் (பெரிய கோப்பை) ஆயிரம் யென்னைத் தாண்டாமல் கிடைப்பது அரிது. முழு பைன்ட் கேட்காமல் சின்னக் கோப்பையாகக் கேளுங்கள், அல்லது மூன்று நான்கு வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் செட் இருந்தால் அது. கணக்கும் இடிக்காது, வகையும் நிறையப் பார்க்கலாம்.

இந்தச் சின்ன ஆலைகள் எப்படி வந்தன என்று பலர் கேட்கிறார்கள். 1994 வரை வருடத்துக்கு 2000 கிலோலிட்டர், அதாவது இருபது லட்சம் லிட்டர் காய்ச்சினால்தான் பியர் உரிமமே கொடுத்தார்கள். நான்கு பெரிய கம்பெனியைத் தவிர யாரால் முடியும்? (ஒகினாவாவின் ஓரியனையும் சேர்த்தால் ஐந்து.) அந்த வருடம் அதை 60 கிலோலிட்டராக இறக்கினார்கள். உடனே வெந்நீர் ஊற்று ஊர்களில் எல்லாம் ஆளுக்கொரு ஆலை, 'ஜி-பீரு' என்று பெயர், ஊர்ப் பியர். சுற்றுலா வந்தவர்கள் மிட்டாய்ப் பெட்டியோடு சேர்த்து வாங்கிப்போகும் பொருளாக அது ஆனது. ருசி முன்னே பின்னே இருந்ததால் முதல் வேகம் ஓய்ந்ததும் நிறைய மூடிவிட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களும் பிறகு வந்தவர்களும்தான் 'கிராஃப்ட்' என்ற சொல்லைக் கையில் எடுத்தார்கள். பழைய பெயரில் ஒட்டியிருந்த கெட்ட பேரைக் கழற்ற வேண்டும் அல்லவா.

இதே கனாகாவா மாநிலத்தில் அத்சுகியில் இருக்கும் சாங்க்ட் காலன் அந்த மாற்றத்துக்கு முன்னாலேயே காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எப்படி என்றால், ஆல்கஹால் ஒரு சதவீதத்துக்குக் கீழே. அதற்கு மேல் போனால்தான் சட்டப்படி மது. அவர்களுடைய சாக்லேட் ஸ்டௌட் என்ற கறுப்புப் பியர் காதலர் தினத்தை ஒட்டி வரும், இப்போது கிடைத்தால் விடாதீர்கள்.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி, தலை சுற்றுகிறது (இன்னும் குடிக்கவே இல்லை). ஒரு சந்தேகம். நேற்று கடையில் அழகான லேபிள் போட்ட கிராஃப்ட் கேன் ஒன்று வாங்கினேன், அதில் பியர் என்று போடாமல் ஹப்போஷு என்று இருந்ததாக என் ஃபோன் மொழிபெயர்த்தது. ஹப்போஷு என்றால் மலிவுச் சரக்கு என்றல்லவா அலுவலகத்தில் சொன்னார்கள்? ஏமாந்துவிட்டேனா?

கணக்குப்பிள்ளை:
இல்லை, ஏமாறவில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை.

பெரிய கம்பெனிகள் மால்ட்டைக் குறைத்து, வரியைக் குறைத்து விற்ற மலிவுக் கேன்தான் முதல் ஹப்போஷு. ஆனால் சட்டம் 'பியர்' என்று எதைச் சொல்லலாம் என்று கறாராக வைத்திருந்தது. மால்ட் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், பழம், மசாலா எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எவ்வளவு மால்ட் போட்டாலும் ஹப்போஷு. 2018 ஏப்ரலில் தளர்த்தி, மால்ட் பாதி இருந்தால் போதும், பழம், கொத்தமல்லி விதை, மிளகு, தேயிலை மாதிரியானவற்றை மால்ட் எடையில் 5 சதவீதம் வரை போடலாம் என்றார்கள். அதைத் தாண்டினால் இன்றும் ஹப்போஷுதான். (அனுமதித்த பட்டியலில் கட்சுவோபுஷியும் உண்டு. தயிர்சாதம் கவனிக்க.)

உரிமத்திலும் ஒரு சூட்சுமம். பியர் உரிமத்துக்கு வருடம் 60 கிலோலிட்டர், ஹப்போஷு உரிமத்துக்கு வெறும் 6. ஆறாயிரம் லிட்டரை ஒரு சின்னக் கடை தன் பின்கட்டிலேயே காய்ச்சி விற்றுவிடலாம். அதனால் இரண்டு பேர் நடத்தும் குட்டி ஆலைகள் நிறைய இந்த உரிமத்தை எடுக்கின்றன, வேண்டுமென்றே அந்த 5 சதவீதத்தைத் தாண்டி ஆரஞ்சுத் தோலோ, பட்டியலில் இல்லாத எதுவோ சேர்த்துப் பெயரை ஹப்போஷு ஆக்கிக்கொள்கின்றன. மால்ட் பாதிக்கு மேல் என்றால் வரி பியருக்கு உள்ளதேதான், 2023 அக்டோபர் நிலவரப்படி 350 மில்லிக்கு 63.35 யென். ஆகவே உங்கள் கேன் மலிவும் இல்லை, மட்டமும் இல்லை. 2026 அக்டோபரில் எல்லாவற்றுக்கும் 54.25 என்று ஒரே வரியாக்குவதாகச் சட்டம். சின்ன ஆலைக்கு அதனால் பெரிய லாபம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்கு வரியைவிட ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) இறக்குமதிச் செலவும் வாடகையும்தான் கழுத்தைப் பிடிக்கும்.

தயிர்சாதம்:
பியருக்குள்ளேயே மீனா!! முருகா.

நோகே நாடோடி:
யாரும் நோகேயைச் சரியாகச் சொல்லவில்லை. மேலே சொன்னவை எல்லாம் வெளிச்சமான கடைகள். இருட்டியதும் சகுராகிச்சோவுக்கு மறுபக்கம் வாருங்கள். ஓக்கா ஆற்றின் வளைவோடு வளைந்து ஒரு இரண்டு மாடிக் கட்டடம் இருக்கும், மியாகோபாஷி ஷோதெங்காய். 1964 ஒலிம்பிக்ஸ் வந்தபோது தெருவோரக் கடைக்காரர்களை அப்புறப்படுத்தி இதற்குள் குடியேற்றினார்கள். ஒவ்வொரு கடையும் நம் ஊர் பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிது, ஏழு பேர் நின்றால் எட்டாவது ஆள் கதவுக்கு வெளியே. ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் எல்லாக் கதவிலும் விளக்கு, தண்ணீரில் அதன் நிழல். கிராஃப்ட் ஊற்றும் கடையும் உண்டு, பழைய பாட்டுப் போட்டு விஸ்கி ஊற்றும் பாட்டி கடையும் உண்டு. பட்டியல் போட்டுத் தேட வேண்டாம், நடந்துகொண்டே உள்ளே எட்டிப் பாருங்கள், தலை ஆட்டினால் இடம் இருக்கிறது, கையைக் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினால் இல்லை.

கன்னாய் ஸ்டேஷன் பக்கத்தில் அன்று பேஸ்பால் ஆட்டம் இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டேடியம் விட்டதும் நீலச்சட்டைக் கூட்டம் எல்லாக் கடையையும் நிரப்பிவிடும். ஆட்டத்துக்கே டிக்கெட் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், இந்த ஊர் பேஸ்டார்ஸ் அணிக்குச் சொந்தமாக ஏல், லாகர் என்று இரண்டு பியர் உண்டு, மைதானத்தில் விற்பார்கள்.

ரியோகோகு ராஜா:
சரி, யோகோஹாமா என்றே வைத்துக்கொள்வோம். நமமுகியில் இருக்கும் கிரின் ஆலையை ஏன் யாரும் சொல்லவில்லை? முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டி ருசிக்கவும் தருகிறார்கள். அங்கேயே ஸ்பிரிங் வேலி என்று தனியாக கிராஃப்ட் பியரும் காய்ச்சுகிறார்களே.

ஹாப்ஸ்பைத்தியம்:
வந்துவிட்டது. கிரின் காய்ச்சினால் அது எப்படி கிராஃப்ட்? திவாலாகிப்போன மனிதருடைய ஆலைப் பெயரைத் தூசி தட்டி எடுத்து, 2021இல் நாடு முழுக்க எல்லாக் கொன்பினியிலும் கேனாக அடுக்கியாகிவிட்டது. கோப்லண்டுக்கு ஒரு மாலை போட்டால் சரியாகிவிடுமா?

மிடோரிகு மாமா:
நான் இதில் ராஜா பக்கம், மன்னிக்கவும். ஆலை பெரிதா சிறிதா என்பது குடிக்கிறவன் நாக்குக்குத் தெரியாது. நமமுகியில் வாரநாளில் குடித்த பியர் சுத்தமாக, குறையே இல்லாமல் இருந்தது. அதே மாதம் ஒரு குட்டி ஆலையின் கடையில் (பெயர் வேண்டாம்) கொடுத்தது புளித்த மோர் மாதிரி இருந்தது. வேண்டுமென்றே புளிக்க வைக்கும் சவர் வகையோ என்று கேட்டேன், இல்லை, பில்ஸ்னர் (புளிக்கவே கூடாத லாகர் வகை) என்றார்கள். குழாய் கழுவாத குற்றம். சின்னது என்பதற்காகக் கும்பிட முடியாது.

ஆனால் ஹாப்ஸ் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நமமுகியில் எல்லாம் அருங்காட்சியகம் மாதிரி, காய்ச்சினவரோடு நின்று பேச முடியாது. பாஷாமிச்சியில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரே காய்ச்சினவராக இருப்பார்.

இன்னொரு வேடிக்கை. நமமுகி என்பதை எழுதும் இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் 'பச்சையான' (வேக வைக்காத), 'வாற்கோதுமை'. பியர் ஆலை வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே அந்த ஊருக்கு அதுதான் பெயர். 1862இல் சாமுராய்கள் ஓர் ஆங்கிலேய வியாபாரியை வெட்டிப்போட்ட சம்பவத்தில் சரித்திரப் புத்தகம் ஏறிய ஊர். ஆலை 1926இல்தான் வந்தது.

கடைசிவண்டி:
யாரும் சொல்லாத ஒன்று, கடைசி ரயில். போன வருடம் நோகேயில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஷின்-யோகோஹாமாவில் இறங்க வேண்டியவன் யோகோஹாமா லைனில் தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள், கண் திறந்தால் ஹாஷிமோத்தோ. எதிர்ப்பக்கம் வண்டி முடிந்துவிட்டது. டிசம்பர் மாதம். டாக்சிக்குக் கேட்ட தொகையில் இன்னொரு சனிக்கிழமை குடித்திருக்கலாம். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மங்கா கஃபேயில் (படக்கதை படிக்கும் கடை) நாற்காலியில் சாய்ந்து காலை முதல் வண்டி பிடித்தேன். பதினொன்றுக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் எழுந்திருங்கள், 'இன்னும் ஒன்று' என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

விடுதியில் சைக்கிள் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டாலே கடுமையான தண்டனை, ஐந்து லட்சம் யென் அபராதம் வரை.

பயணப்பை:
போய்விட்டு வந்துவிட்டேன். சொன்னபடி எழுதுகிறேன்.

மாமா சொன்ன கிணற்றையும் பார்த்தோம். சனிக்கிழமை என்பதால் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை, வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. நண்பர் 'இதற்கா இவ்வளவு மேடு ஏறினோம்' என்றார். கல்லறைத் தோட்டத்தில் அரை மணி தேடியும் கோப்லண்டைக் கண்டுபிடிக்கவில்லை, நான்கு மணிக்கு முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் இந்தியக் கோபுரம் பார்த்தோம், உட்கூரை வேலைப்பாடு அவ்வளவு அழகு, அதற்காகவே மாமாவை மன்னித்துவிட்டோம்.

யோகோஹாமா பீருவில் வைட்சென். நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு 'இதுவும் பியர்தானா' என்று கேட்டு இரண்டாவதும் வாங்கினார். பாஷாமிச்சியில் நான் ஹேண்ட் பம்ப் பியர் கேட்டேன். ஹாப்ஸ் எச்சரித்தும், முதல் வாயில் முகம் கோணியதைப் பார்த்து பாரில் இருந்தவர் சிரித்துவிட்டார். பாதிக் கோப்பை போனதும் பிடித்துவிட்டது. பச்சைத் தேயிலையும் வசாபியும் போட்ட வாபி-சாபி இருந்தது, காரமாக இருக்கும் என்று பயந்தேன், விழுங்கிய பிறகு மூக்கில் லேசாக ஒரு வாசனை, அவ்வளவுதான். நண்பர் இரண்டு தட்டு உருளை வறுவலை ஒரே ஆளாக முடித்தார்.

நோகேயில் நான்கு கதவில் பெருக்கல் குறி, ஐந்தாவதில் இடம். அங்கே ஹியாயக்கோ கேட்டு, தயிர்சாதம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். கடைக்கார அம்மா பெரிதாகத் தலையாட்டிவிட்டு, துருவலைத் தனிக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். அதை நான் தின்றேன்.

செலவு ஆளுக்கு 7200. பதினொன்றுக்கு அலாரம் அடித்தது, எழுந்துவிட்டோம்.

கடைசிவண்டி:
நீங்கள் தேறுவீர்கள்.

மிடோரிகு மாமா:
கல்லறை உள்ளே போனதும் வாசலில் வரைபடம் கேட்டிருக்கலாமே தம்பி. சரி, எப்போது ஊருக்கு? தோக்காய்ச்சிபாவில் டி.டி.எம். 1874 என்று ஒரு கடை இருக்கிறது, 1874இலிருந்து இருக்கும் ஒரு மதுக்கடைக் குடும்பத்தார் தொடங்கிய ஆலை. உங்களுக்கு ஷின்-யோகோஹாமாவிலிருந்து மாறாமல் ஒரே வண்டி, கால்மணி நேரம். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வாருங்கள். நண்பருக்கு வீட்டிலிருந்து சுண்டல் கொண்டுவரச் சொல்கிறேன், கடையில் அனுமதி கேட்டுக்கொள்ளலாம்.

பயணப்பை:
வெள்ளி இரவு விமானம். வியாழன் ஏழரைக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறோம் மாமா. சுண்டல் நிறையவே கொண்டுவாருங்கள்.